சாலைத்தெருவில் யாருக்கு ஒரு பக்கம்?

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2022-23 நிதியாண்டில் செலவழித்தது சுமார் 16.9 கோடி டாலர். அதில் சம்பளம் மட்டும் 10 கோடிக்கு மேல். சர்வர்களை ஓட்டும் செலவு 31 லட்சம் டாலர்தான். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆங்கில விக்கிப்பீடியா 2025 மே மாதம் 70 லட்சமாவது கட்டுரையைத் தொட்டது. அதன் எழுத்தை மட்டும் அழுத்திச் சுருக்கினால் 20 ஜிபி சொச்சம். நம் சட்டைப்பையில் கிடக்கும் செல்போனிலேயே அடங்கிவிடும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை என்றால், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கம்போளத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மூன்று தலைமுறையாக மிளகாய் வற்றலும் மல்லியும் நிறுத்துப்போடும் கடைக்காரர் கேட்டால் நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் பழைய புத்தகங்களின் செலவுக் கணக்கைப் புரட்டிவிடலாம்.

ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-இல் 1,050 பக்கங்களாக வந்தது. 1934-இல் வந்த இரண்டாம் பதிப்பு 1,634 பக்கம். எது இடம்பெறலாம் என்று முடிவுசெய்தவர் ஒருவர்; அச்சுக்குக் கைகொடுத்த புரவலர் பாண்டித்துரைத் தேவர் ஒருவர். வாக்கெடுப்பும் இல்லை, வழக்கும் இல்லை. அடுத்து வந்தது தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம். 1947-இல் திட்டமிட்டு, பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954-இல் முதல் தொகுதி, 1968-இல் பத்தாவது. ஒரு தொகுதிக்குச் சுமார் 750 பக்கம். எழுதியவர்கள் சுமார் 1,200 பேர், செலவு சுமார் 14 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் பக்கத்துக்கு 187 ரூபாய். 1950-களின் தங்க விலைக்கு அது இரண்டு பவுனுக்குக் குறையாது. ஒரு பக்கம் இரண்டு பவுன் என்றால், சாலையின் வற்றல் கடைக்கு அதில் இடம் கேட்க யாருக்கும் வாய் வராது.

திருவனந்தபுரத்திலேயே மலையாள சர்வவிஞ்ஞானகோசம் இருக்கிறது. அரசு நிறுவனத்தின் வேலை அது. 20 தொகுதித் திட்டம். முதல் தொகுதி 1972-இல் வந்தது. நாற்பது ஆண்டு கழிந்த பிறகும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்டானிக்கா 1768-இல் தொடங்கி, 32 தொகுதி கொண்ட 2010-ஆம் ஆண்டுப் பதிப்போடு அச்சை நிறுத்திக்கொண்டது. விலை 1,395 டாலர். அச்சிட்டது 12,000 செட். 2012 மார்ச்சில் நிறுத்தத்தை அறிவித்தபோது 4,000 செட் விற்காமல் கிடந்தது. காகிதக் காலத்தில் காகிதமே காவல்காரன். எவரைச் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதிலை அச்சகச் செலவே சொல்லிவிடும்.

இணையத்தில் அந்தக் காவல்காரன் ஓய்வு பெற்றாயிற்று. ஆனால் செலவு ஓய்வு பெறவில்லை, இடம் மாறிவிட்டது. விக்கிப்பீடியாவுக்கு முன் 2000-இல் தொடங்கிய நியூபீடியா, அறிஞர்களை வைத்து ஏழு கட்டச் சோதனை செய்தது. முதல் ஆண்டில் தேறியவை 21 கட்டுரைகள். 2001 ஜனவரி 15-இல் யாரும் எழுதலாம் என்று திறந்த விக்கிப்பீடியா முதல் ஆண்டிலேயே 18,000-ஐ எட்டியது. இந்த வேகம் இலவசமாக வந்ததல்ல. எழுதும்போது மிச்சமான உழைப்பைப் பிறகு காவல் காப்பதில் செலுத்தவேண்டி வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. 2017 மே மாதம் ஒரு லட்சம் கட்டுரை. இப்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாதத்தில் ஒரு திருத்தமாவது செய்பவர்கள் சுமார் 300 பேர். தலைக்கு 500 கட்டுரைக்கு மேல் விழுகிறது. யாரோ ஒருவர் நள்ளிரவில் ஒரு பக்கத்தில் புகுந்து எம்.எல்.ஏ.வின் பிறந்த ஊரை மாற்றினால், அதைப் பார்க்க ஒரு கண் வேண்டும். சாலையில் ஒரு கடைக்கு ஒரு பக்கம் என்று திறந்தால், கடைக்காரரின் போட்டியாளரும் அதே பக்கத்துக்கு வருவார். சர்வர் தாங்கும். அந்த 300 பேர் தாங்கமாட்டார்கள்.

அதற்காகத்தான் ‘குறிப்பிடத்தக்கமை’ என்ற விதி. ஒன்றைப்பற்றித் தனிப் பக்கம் வேண்டுமானால் மூன்று சல்லடையில் சலிக்கவேண்டும். போகிறபோக்கில் பெயரைச் சொல்லாமல் விரிவாகவே எழுதியிருக்கவேண்டும். எழுதிய இடம் நம்பகமானதாக, ஆசிரியர் பார்வை உள்ளதாக இருக்கவேண்டும். எழுதியவர் அந்த ஆளுக்கோ கடைக்கோ வேண்டப்பட்டவராக இருக்கக்கூடாது. சந்தேகம் வந்தால் யாராவது பக்கத்தின் தலையில் நீக்கல் அறிவிப்பை ஒட்டுவார். ஆங்கிலத்தில் விவாதம் குறைந்தது ஏழு நாள் ஓடும். வைத்திரு என்பார் ஒருவர், நீக்கு என்பார் இன்னொருவர், இரண்டு தரப்பும் சுட்டிகளைக் கொட்டும். கடைசியில் ஒரு நிர்வாகி வந்து வாதத்தின் கனத்தைப் பார்த்து முடிப்பார். கைகளை எண்ணி முடிப்பதில்லை. தமிழில் அதே சண்டை ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்திலும் கட்டுரைகளின் பேச்சுப் பக்கங்களிலும் சற்றுக் குறைந்த சத்தத்தோடு நடக்கும்.

இந்த விதியில் சிறப்பு என்ற சொல்லே கிடையாது. நல்லவரா, பெரியவரா என்று அது கேட்பதில்லை. உங்களைப்பற்றி வேறு எவராவது மையும் காகிதமும் செலவழித்தாரா என்று மட்டும் கேட்கிறது. ஆகவே களஞ்சியத்தில் ஒரு பக்கம் என்பது இரண்டாம் தவணை. முதல் தவணையை எப்போதோ ஒரு செய்தித்தாளோ பதிப்பகமோ பல்கலைக்கழகமோ கட்டியிருக்கவேண்டும். சாலையின் பேரேட்டை இந்தக் கண்ணோடு திறந்தால் வரவு யாருக்கு, நிலுவை யாருக்கு என்பது தெளிவாகத் தெரிகிறது.

மிகப் பெரிய வரவு, கண்ணால் யாரும் பார்த்திராத ஒன்றுக்கு. காந்தளூர்ச்சாலையைத்தான் சொல்கிறேன். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் ‘காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி’ என்று வரும் பெயர். அவன் பட்டமேறிய ஆண்டு 985. அந்தச் சாலை இன்றைய வலியசாலைப் பக்கமா, விழிஞத்துப் பக்கமா என்பதில் கருத்து வேறுபாடு. அங்கே அவன் அழித்தது கப்பலையா, நிறுத்தியது சோற்றையா என்பதிலும் வேறுபாடு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1939-இல் இதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். நீலகண்ட சாஸ்திரி முதல் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை வரை இதில் கைவைக்காத வரலாற்றாசிரியர் குறைவு. சாலை என்ற அக்காலக் கல்விக்கூடம் எப்படி இயங்கியது என்பதற்கு 866-ஆம் ஆண்டுப் பார்த்திவபுரச் செப்பேடு கணக்கு தருகிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன், காந்தளூரின் ஒழுங்கைப் பின்பற்றி, முன்சிறைக்குப் பக்கத்தில் 95 மாணவருக்கு ஒரு சாலை நிறுவினான். 95-ஐயும் பிரித்தே எழுதியிருக்கிறார்கள்: ஒரு வேதக்கிளையாருக்கு 45 இடம், இன்னொன்றுக்கு 36, மூன்றாவதற்கு 14. தவறு செய்தால் என்ன தண்டம் என்பதுவரை வரி இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய சாப்பாட்டு இடங்களின் ஒதுக்கீடு இலக்கத்தோடு கிடைக்கிறது, செம்பில் வெட்டியதால். முதல் தவணையை அரசன் கட்டிவிட்டான்.

கம்போளத்துக்கும் சிக்கலில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை என்பது எல்லா நூலிலும் உண்டு. திவான் செய்த காரியம் ஆவணத்தில் ஏறாமல் போகாது.

ஆ. மாதவன் கதை கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியது. 1934-இல் பிறந்தவர். சாலையில் செல்வி ஸ்டோர்ஸ் என்று பாத்திரக்கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தெருவில் போகிற சுமட்டுக்காரனையும் போக்கிரியையும் பிச்சைக்காரனையும் கதையாக்கினார். 1974-இல் ‘கடைத்தெருக் கதைகள்’, அதே காலத்தில் ‘புனலும் மணலும்’, 1980-களில் ‘கிருஷ்ணப் பருந்து’. 2010-இல் முதல் விஷ்ணுபுரம் விருது அவருக்குத்தான். சாகித்திய அகாதெமி விருது 2015-இல், அவருடைய 81-ஆம் வயதில். அதுவும் புனைகதைக்கல்ல, ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூலுக்கு. 2021 ஜனவரி 5-இல் மறைந்தார். இன்று அவருக்கான பக்கத்தை எவரும் கேள்வி கேட்கமுடியாது. அகாதெமி விருது ஒன்றே போதும். ஆனால் 2009-இல் ஒருவர் அவருக்குப் பக்கம் திறந்து, மற்றொருவர் மூலம் எங்கே என்று கேட்டிருந்தால், சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களைத் தேடி அலையவேண்டியிருந்திருக்கும். ‘கடைத்தெருக் கதைகளு’க்கும் அகாதெமி விருதுக்கும் இடையே 41 ஆண்டு. எழுத்தாளரின் தகுதி அந்த இடைவெளியில் கூடவில்லை. அவரைப்பற்றிய காகிதம்தான் கூடியது. அவர் கதைகளில் நடமாடும் சாலை மனிதர்களுக்கோ அந்தக் காகிதமும் இல்லை. கதையில் வந்தவர் என்பது களஞ்சியத்துக்கு ஆதாரமாகாது.

இதே இடத்தில்தான் கெத்தேல் சாகிப்பும் வருகிறார். சாலையில் அவருடைய சாப்பாட்டுக்கடை 1949-இல் தொடங்கியதாகச் செய்தித்தாள்கள் எழுதியிருக்கின்றன. கோழிப் பொரிப்புக்குப் பேர்போன கடை. ஊர் முழுக்கத் தெரிந்த இந்த மனிதரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியவைத்தது ஜெயமோகன் 2011-இல் எழுதிய ‘சோற்றுக்கணக்கு’ கதை. சாப்பிட்டவர் தன்னால் முடிந்ததை உண்டியலில் போட்டுவிட்டுப் போகலாம், போடாமலும் போகலாம். பட்டினி கிடந்த மாணவன் ஒருவன் ஆண்டுக்கணக்கில் அங்கே தின்று வளர்ந்து, பிறகு பணத்தோடு வந்து நிற்கிறான். ‘அறம்’ தொகுப்பில் அது இருக்கிறது. 2022-இல் பிரியம்வதா ராம்குமார் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்தது. இப்போது சல்லடையில் போடுங்கள். கதைக்குப் பக்கம் கிடைக்கும்: தொகுப்பு, மொழிபெயர்ப்பு, விமர்சனங்கள் என்று மூலம் குவிந்திருக்கிறது. கடைக்கும் கிடைக்கலாம்: உணவுப் பக்கங்களில் நிருபர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதருக்கு? உண்டியலில் யார் எவ்வளவு போட்டார் என்று கணக்கு வைக்காததுதான் அவருடைய பெருமை. கணக்கு வைக்காதவரைப்பற்றி எழுதக் களஞ்சியம் கணக்குக் கேட்கிறது. இதில் களஞ்சியத்தைக் குற்றம் சொல்லமாட்டேன். கதையிலிருந்து எடுத்து அவர் வாழ்க்கை வரலாற்றை நிரப்ப அனுமதித்தால், நாளைக்கு எந்தச் சினிமாக் கதாபாத்திரத்தின் பிறந்த தேதியும் உண்மையாகிவிடும்.

இனி அந்த வற்றல் கடை. இப்படி ஒரு கடையின் ஆவணப்பெட்டியில் வழக்கமாக என்ன இருக்கும்? ஆண்டுதோறும் அடித்த தினசரிக் காலண்டர்கள். கோயில் விழா மலரில் அரைப்பக்க விளம்பரம். வியாபாரிகள் சங்க மலரில் தாத்தாவின் படம். எப்போதோ விலை உயர்வுச் செய்தியில் நிருபர் கேட்டதற்குச் சொன்ன இரண்டு வரி. காலண்டர் சொந்தச் செலவு, மதிப்பு பூஜ்யம். விளம்பரம் காசு கொடுத்தது, பூஜ்யம். சங்க மலர் வேண்டப்பட்டவர் போட்டது, பாதிக்குமேல் தேறாது. இரண்டு வரி விரிவானதல்ல. கூட்டினால் ஒன்றுமில்லை. கடை 80 ஆண்டு ஓடியிருந்தாலும் இதே விடைதான்.

ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்கு முதல் தவணை கட்ட ஆள் இருந்தது. தினமலர் பிறந்தது மதுரையிலோ திருநெல்வேலியிலோ அல்ல, திருவனந்தபுரத்தில். 1951 செப்டம்பர் 6-இல் டி.வி. ராமசுப்பையர் இங்கே தொடங்கினார். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. 1957-இல் பத்திரிகையும் திருநெல்வேலிக்குப் போய்விட்டது. கணக்குப் பார்த்தால் சுமார் ஐந்தரை ஆண்டு, 2,000 இதழ் அளவுக்கு, சாலைத் தமிழர்களைப்பற்றிச் சாலைத் தமிழர்கள் காலையில் படித்த காகிதம். கூட்டம், வேலைநிறுத்தம், கடைதிறப்பு, சாவுச்செய்தி என்று என்னவெல்லாம் அதில் இருந்திருக்கும்! அதன்பின் இந்தத் தெருவின் தமிழர் மலையாளப் பத்திரிகைக்குத் தமிழர், சென்னைப் பத்திரிகைக்குக் கேரளத்தார். விதி எந்த மொழி மூலத்தையும் ஏற்கிறது. எழுத ஆளில்லாத இடத்தில் எந்த மொழியில் தேடியும் பயனில்லை.

இந்த நிலுவை சாலையில் மட்டும் விழுவதல்ல. கனடா இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டைப்பற்றிய வரைவை 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியா திருப்பி அனுப்பியது, மூலம் போதாதென்று. அக்டோபர் 2-இல் அவருக்கு நோபல் பரிசு. அன்றைக்கே பக்கம் வந்தது. பிரான்செஸ்கா திரிபோடியின் 2021 ஆய்வு இன்னும் உறைப்பானது: 2017 ஏப்ரலில் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்கள் 17 சதவீதம், அந்த மாதம் நீக்கலுக்கு முன்மொழிந்த வாழ்க்கை வரலாறுகளில் பெண்கள் 41 சதவீதம். காகிதம் குறைவாகக் கிடைத்தவர்மேல் சந்தேகம் அதிகமாக விழுகிறது என்பதற்கு இதைவிட நேரான எண் வேண்டாம்.

கேரளத்திலேயே இதற்கு ஒரு மாற்று முயன்றார்கள். 2011-இல் அச்சல் பிரபாலா முன்னின்று நடத்திய வாய்மொழிச் சான்றுத் திட்டத்தில், அச்சில் ஏறாத விஷயங்களை அறிந்தவரிடம் பேசி ஒலிப்பதிவு செய்து அதையே மூலமாகக் காட்டினார்கள். டப்பா களி என்ற சிறுவர் விளையாட்டு அதில் ஒன்று. ஊரெல்லாம் ஆடிய விளையாட்டு, ஆனால் காட்ட ஒரு புத்தகம் இல்லை. நல்ல முயற்சி. பெரிய விக்கிகளில் ஊன்றவில்லை. ஒலிப்பதிவில் பேசுபவர் சொல்வதைச் சரிபார்ப்பது யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கும் எண் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 31-இல் ஆங்கில விக்கிப்பீடியா ஒரே நாளில் 381 கணக்குகளை முடக்கி, 210 கட்டுரைகளை நீக்கியது. ஆரஞ்சுமூடி விவகாரம் என்று பெயர். வரைவு மறுக்கப்பட்ட சிறு நிறுவனங்களைத் தேடிப்பிடித்து, பணம் கொடுத்தால் பக்கம் வரும் என்று பேரம். வந்த பிறகு பக்கத்தைப் பாதுகாக்க மேற்கொண்டு பணம். சாலையில் மாமூல் கேட்பவனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கதவு திறந்திருந்தால் முதலில் நுழைவது கெத்தேல் சாகிப் அல்ல, விளம்பர நிறுவனம். அதனால் சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கச் சொல்பவர்களோடு நான் இல்லை.

வேறு வழியாகப் போனவர்களும் உண்டு. 2022 மே 7-இல் ஜெயமோகனும் நண்பர்களும் அமெரிக்காவில் வைத்துத் தமிழ் விக்கியைத் தொடங்கினார்கள். ஆசிரியர் குழு பார்த்து முடிவுசெய்யும் களஞ்சியம். பெரியசாமித் தூரன் பெயரில் ஆண்டுதோறும் விருதும் கொடுக்கிறார்கள். அதாவது அபிதான சிந்தாமணியின் முறைக்குத் திரும்பியிருக்கிறார்கள்: தகுதி எது என்பதைத் தெரிந்தவர் சொல்லட்டும். இலக்கியத்துக்கும் நாட்டாரியலுக்கும் இது ஒத்துவரும். சிற்றிதழ் எழுத்தாளருக்கு அங்கே எளிதாக இடம் கிடைக்கும். ஆனால் குழுவின் ருசி எங்கே முடிகிறதோ அங்கே களஞ்சியமும் முடியும். வற்றல் கடைக்கு அங்கேயும் பக்கம் கிடைக்காது.

ஆகவே செலவழிக்கவேண்டியது முதல் தவணையில். இதை ஈழத்தமிழர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தவை சுமார் 97,000 நூல்கள். 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் மலர், துண்டுப்பிரசுரம், பள்ளி இதழ் என்று பார்க்காமல் வருடி வலையேற்றி, ஒரு லட்சம் ஆவணத்தைத் தாண்டியது. இன்று ஒரு சிற்றூர் வாசிகசாலையைப்பற்றி எழுதவேண்டுமானால் அங்கே போய்த் தேடலாம். சாலைக்கு அப்படி ஒன்று இல்லை.

சாலை வியாபாரிகளிடமும் தமிழ்ச் சங்கத்தாரிடமும் கேட்பது பெரிய தொகையல்ல. வீட்டுப் பரணில் 1951-57 தினமலர் இதழோ பழைய சங்க மலரோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். 1829-இல் தொடங்கி இன்று பாளையத்தில் இருக்கும் பொது நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள், வருடி ஒரு பிரதியை இணையத்திலும் ஏற்றுங்கள். அடுத்த மலர் போடும்போது வாழ்த்துச் செய்திகளைக் குறைத்து, கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரலாற்று ஆசிரியரைக் கூப்பிட்டு, தெருவைப்பற்றி 100 பக்கம் எழுதச் சொல்லுங்கள். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கட்டணம் இல்லை. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் அனுப்பவேண்டிய பிரதிகள் நான்கே: கொல்கத்தா, சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி. நான்கு நூலகத்துக்கும் தபால் செலவைச் சங்கமே ஏற்கலாம்.